பிள்ளையை யார் தூக்கி வைத்திருந்தது?

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் தம்பி என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "பிக்சட் டெபாசிட், நாமினேஷன், ஏதாவது பேங்க் விஷயம் சொல்லுங்கம்மா" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவளிடம் வேறென்ன கேட்பார்கள்? நாமினேஷன் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். உங்களில் பல பேர் இன்னும் போடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்று நான் எடுத்துக்கொண்டது ஒரு பேராசிரியையின் ஐம்பது வருட உழைப்பு. பெயர் சாரா பிளாஃபர் ஹர்டி. அமெரிக்காவில் 1946-இல் பிறந்தவர். மனிதர்களாகிய நாம் இப்படி நடந்துகொள்கிறோமே, இந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் அவருடைய படிப்பு. அந்தப் படிப்பு தொடங்கிய இடம் நம் நாடு, ராஜஸ்தானில் உள்ள அபு மலை. நான் பி.காம். படித்தவள். விலங்கியல் எனக்குப் பாடமாக இருந்ததில்லை. மகள் அனுப்பிய அவருடைய புத்தகங்களை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வருடமாகப் படித்தேன். படித்ததும் இதை நம் ஆட்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது. காரணம், கீழ்த்தளத்தில் ஜிம்முக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற அறை. வரும் பொதுக்குழுவில் அதைப் பற்றி ஓட்டெடுப்பு இருக்கிறது. அந்த இடத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நம் மலைக்கும் மனிதனின் ஆதிக்கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் 1863-ஆம் ஆண்டு மே மாதம் சென்னைப் பல்லாவரத்தில் ஆதிமனிதன் செதுக்கிய கல் ஆயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். ஓய்வு பெற்ற பிறகு அவர் ஏற்காட்டில் வந்து வாழ்ந்தார். அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. நம் குப்பனூர் சாலையில் கொட்டச்சேடு வழியாக ஏறுகிறவர்கள் அடுத்த முறை ஏரியில் படகு விடுவதோடு நிறுத்தாமல் அங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் காலத்தில் கண்டுபிடித்த அத்திரம்பாக்கத்துக் கல் ஆயுதங்களுக்கு 15 லட்சம் வருட வயது என்று சாந்தி பாப்பு என்ற நம் ஊர் ஆய்வாளரின் குழு 2011-இல் கணக்கிட்டுச் சொன்னது.

கல் அப்படியே இருக்கிறது, சரி. அந்தக் கல்லைச் செதுக்கியவள் வேலை முடியும்வரை அவளுடைய கைக்குழந்தையை யார் தூக்கி வைத்திருந்தது? அதற்கு மண்ணில் தடயம் கிடைக்காது. மடி கல்லாகி மிஞ்சுவதில்லை. ஹர்டி குரங்குகளிடம் போனதற்கு இதுதான் காரணம். நம் ஆதி நடத்தையைத் தெரிந்துகொள்ள, நமக்கு உறவான பிராணிகளைக் கவனிப்பதும், இன்றும் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்கிற மக்களைக் கவனிப்பதும்தான் வழி.

அவர் அபுவுக்கு வந்த கதை சுவையானது. 1960-களின் தொடக்கத்தில் இன்றைய கர்நாடகத்தின் தார்வாடு பக்கத்தில் சுகியாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் அனுமன் குரங்குகளைக் கவனித்தார். நம் பால்கனியில் வந்து தேங்காய்மூடியைத் தூக்கிப்போகிற நாட்டுக்குரங்கு இல்லை இது. நீள வால், கரிய முகம், சாம்பல் உடம்பு. வெளியிலிருந்து ஒரு ஆண் வந்து கூட்டத்தைக் கைப்பற்றியதும் அந்தக் கூட்டத்தின் கைக்குழந்தைகள் கொல்லப்பட்டதை சுகியாமா பதிவு செய்தார். இதைக் கல்லூரி வகுப்பில் கேட்டிருந்த ஹர்டிக்கு, கூட்ட நெரிசலால் குரங்குகளுக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று ஒரு எண்ணம். ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து, அதைச் சோதித்துப் பார்க்க 1971-இல் அபுவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிரம்பியிருக்காது.

வந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருந்தது. நெரிசல் இருந்த கூட்டத்திலும் குட்டிகள் சுகமாக வளர்ந்தன. ஆண்கள் குட்டிகளைப் பொறுத்துக்கொண்டன. ஆபத்து வந்ததெல்லாம் வெளியாள் வந்து பழைய தலைவனை விரட்டிய சமயங்களில்தான். வந்தவனுக்குக் கூட்டத்தில் கிடைப்பது சராசரியாக இரண்டு வருடம் சொச்சம். பால் கொடுக்கிற தாய் அடுத்த குட்டிக்குத் தயாராக மாட்டாள். முந்தையவனின் குட்டி போய்விட்டால் சீக்கிரம் தயாராவாள். கேட்கவே கூசுகிறது, ஆனால் இதில் பித்து எதுவும் இல்லை என்பதுதான் ஹர்டி கண்ட உண்மை. தாய்களும் சும்மா இருக்கவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்ந்து, 'இது நம் குட்டியாக இருக்குமோ' என்ற சந்தேகத்தை உண்டாக்கி வைத்தன. சந்தேகம் உள்ளவன் கை ஓங்க மாட்டான்.

1977-இல் 'அபுவின் அனுமன் குரங்குகள்' என்ற பொருளில் அவருடைய புத்தகம் வந்ததும் பெரிய சண்டை. குரங்குகள் சாதுவாக வாழ்வதை முன்பே இந்தியாவில் பார்த்து எழுதியிருந்த பிலிஸ் டால்ஹினோ போன்ற மூத்தவர்கள், இது நோயுற்ற நடத்தை என்று மறுத்தார்கள். 1999-இல் நேபாளத்தின் ராம்நகரில் இதே இனக் குரங்குகளை ஆராய்ந்த குழு டி.என்.ஏ. சோதனை செய்து பார்த்தது. குட்டியைத் தாக்கிய ஆண்கள் அந்தக் குட்டிகளுக்குத் தகப்பன் இல்லை என்று வந்தது. இருபத்திரண்டு வருடம் கழித்துக் கணக்கு நேரானது. பேங்கில் ஒரு நாள் கணக்கு இடித்தாலே எங்களுக்கு வீட்டுக்குப் போக மனம் வராது. இந்த அம்மாள் இருபது வருடத்துக்கு மேல் இடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கிழக்குரங்கு இருந்தது. அவர் வைத்த பெயர் சோல். குட்டி போடும் வயது தாண்டியவள். அனுமன் குரங்குகளில் பெண்ணுக்கு வயதாக ஆக மரியாதை குறைந்துகொண்டே போகும். இளையவள் வந்தால் தின்றுகொண்டிருக்கும் இடத்தை விட்டு எழுந்துகொள்ள வேண்டும். சோலும் அப்படித்தான், ஓரமாகக் கிடப்பாள். ஆனால் புதிதாக வந்த ஆண் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டபோது, பெற்றவளைவிட முன்னே பாய்ந்தது இந்தக் கிழவி. கை ஊனமான இன்னொரு பெண்குரங்கும் அவளோடு சேர்ந்துகொண்டது. தங்களைவிடப் பெரிய ஆணிடமிருந்து அந்தக் குட்டியைப் பிடுங்கி எடுத்தார்கள். சாப்பாட்டு வரிசையில் கடைசி, சண்டையில் முதல். நம் பிளாக்கில் இப்படி இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

ஹர்டி இன்னொன்றையும் குறித்து வைத்தார். அனுமன் குரங்குக் குட்டி பிறந்த முதல் நாளே கை மாறிக் கை மாறிப் போகும். மற்றப் பெண்குரங்குகள் வாங்கி வைத்துக்கொள்ளும், தாய் அந்த நேரத்தில் நிம்மதியாக மேயும். சிம்பன்சியிடம் இது நடக்காது. சிம்பன்சித் தாய் பல மாதங்கள் குட்டியை யாரிடமும் தர மாட்டாள்.

நம் சாலை நாட்டுக்குரங்கைப் பற்றியும் சொல்ல ஒன்று இருக்கிறது. 1960-களில் ரோசன்பிளம், காஃப்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூயார்க்கில் இதே இனத்தையும், பன்றிவால் குரங்கு என்ற இன்னொரு இனத்தையும் வைத்துப் பார்த்தார்கள். தாயைக் கொஞ்ச நாள் பிரித்துவிட்டால் பன்றிவால் குட்டி சுருண்டு உட்கார்ந்து எதிலும் நாட்டமில்லாமல் போய்விட்டது. நாட்டுக்குரங்குக் குட்டியோ கூட்டத்தின் மற்றப் பெரியவர்களிடம் போய் ஒட்டிக்கொண்டது. அவையும் சேர்த்துக்கொண்டன. இரண்டு இனத்திலும் தாய்ப்பாசத்துக்குக் குறைவில்லை. ஒன்றில் குட்டிக்குப் பழகிய மடி ஒன்றுதான், மற்றதில் பல. (இப்படிக் குட்டியைப் பிரித்து வைத்துப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) சாயங்காலம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேலே அவை ஒன்றோடொன்று நெருக்கி உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இனி மனிதர்களுக்கு வருவோம். ஹர்டி தன் வாழ்வின் பிற்பாதியைச் செலவிட்டது இதில்தான். 1999-இல் 'இயற்கை அன்னை', 2009-இல் 'தாய்களும் மற்றவர்களும்' என்று பொருள்படும் இரண்டு பெரிய புத்தகங்கள். அவர் போட்ட கணக்கை நான் பேரேட்டு முறையில் சொல்கிறேன். செலவுப் பக்கம்: ஒரு மனிதக் குழந்தை தானே சம்பாதித்துத் தின்னும் வயதுக்கு வர ஒரு கோடி முதல் ஒரு கோடியே முப்பது லட்சம் கலோரி வேண்டும். வரவுப் பக்கம்: தாய் ஒருத்தி தோண்டியும் பொறுக்கியும் கொண்டு வருவது. எந்தக் காட்டிலும் இந்த இரண்டு பக்கமும் சரிக்கு வராது. அதோடு இன்னொன்று. சிம்பன்சி ஐந்தாறு வருடத்துக்கு ஒரு குட்டி போடும். ஒன்று நடக்கப் பழகித் தானே தின்னத் தொடங்கிய பிறகுதான் அடுத்தது. காட்டில் வாழும் மனிதப் பெண் மூன்று நான்கு வருடத்திலேயே அடுத்ததைப் பெற்றுவிடுகிறாள், முதல் பிள்ளை இன்னும் இடுப்பை விட்டு இறங்காதபோதே. நம்மைவிட வலுவான சிம்பன்சியால் முடியாதது நம்மால் எப்படி முடிந்தது? கணக்கில் வராத யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள்.

அந்த யாரோ யார் என்பதற்கு டான்சானியாவில் ஹாட்சா மக்களிடம் ஒரு பதில் கிடைத்தது. கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 1980-களில் அவர்களோடு இருந்து, யார் எவ்வளவு உணவு கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தது. குழந்தை பெறும் வயது தாண்டிய பெண்கள்தான் அதிக நேரம் கிழங்கு தோண்டினார்கள். மகள் கைக்குழந்தையோடு இருந்தால், அவளுடைய மூத்த பிள்ளைகளின் வயிற்றை நிரப்பியது அந்தக் கிழங்கு. பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு நின்ற பிறகும் இயற்கை ஏன் இத்தனை வருடம் ஆயுளைக் கொடுத்திருக்கிறது என்ற பழைய கேள்விக்கு இது ஒரு பதில். எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

காங்கோ காட்டில் எஃபே மக்களிடம் சில மாதக் குழந்தையைப் பகலில் பாதி நேரத்துக்கு மேல் தாயல்லாதவர்கள் தூக்கி வைத்திருக்கிறார்கள். 2008-இல் ரெபெக்கா சியர், ரூத் மேஸ் என்ற இரண்டு பெண்மணிகள் உலகின் பல பகுதிகளிலிருந்து 45 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும், தாயைத் தவிர யாராவது ஒரு உறவினர் இருப்பது குழந்தை பிழைக்க உதவியிருக்கிறது. அதில் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பெரும்பாலும் கை கொடுத்தாள். அப்பாயி விஷயம் ஊருக்கு ஊர் மாறியது. தகப்பன் இருப்பதால் பலன் தெரிந்தது மூன்றில் ஒரு பங்கு ஆய்வுகளில்தான்.

ஆண்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் ஹர்டி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், 2024-இல், அப்பாக்களைப் பற்றி. பிலிப்பைன்ஸில் செபு நகரத்தில் 624 இளைஞர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் குறைவாக இருந்தது. பிள்ளையைத் தூக்கினால் ஆணின் உடம்பே அதற்கு ஏற்றபடி மாறுகிறது என்று அர்த்தம். தூக்கினால்தான்.

ஹர்டி இதிலிருந்து இன்னொரு படி மேலே போனார். பல கைகளில் வளர்கிற குழந்தை, தன்னைத் தூக்கியிருப்பவர் யார், என்ன மனநிலையில் இருக்கிறார் என்று படித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிரிக்க வேண்டும், மழலை பேசி ஈர்க்க வேண்டும். தாய் விடவே மாட்டாள் என்று தெரிந்த சிம்பன்சிக் குட்டிக்கு அந்த அவசியம் இல்லை. பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று அறியும் நம் மனிதத் திறமை, மொழி வருவதற்கு முன்பே, சுமார் 18 லட்சம் வருடங்களுக்கு முன்பே, இப்படித்தான் முளைவிட்டிருக்கும் என்பது அவருடைய வாதம். சண்டையும் வேட்டையும்தான் மனிதனை மனிதனாக்கியது என்று சொல்லிக்கொண்டிருந்த ஆண்கள் நிறைந்த துறையில் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சலுக்கு விலையும் கொடுத்தார். அவருக்கு முதல் மகள் 1977-இல் பிறந்தாள், புத்தகம் வந்த அதே வருடம். கைக்குழந்தையோடு ஆராய்ச்சியைத் தொடர்ந்த அவரைப் பற்றி, அவருடைய ஆசிரியர்களில் ஒருவரே பத்திரிகைக்காரரிடம், அந்தப் பெண் மகளை நன்றாக வளர்ப்பதில் அதிக நேரம் செலவிடட்டும் என்ற பொருளில் பேசினார். எத்தனை தகப்பன் விஞ்ஞானிகளிடம் அப்படிச் சொல்லியிருப்பார்கள்? பிறகு அவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியராகி, 1990-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்துக்கும் தேர்வானார். மூன்று பிள்ளைகளையும் வளர்த்தார், கைகொடுக்க ஆட்களை வைத்துக்கொண்டுதான். அதை அவர் மறைக்கவும் இல்லை.

நம் கதைக்கு வருகிறேன். என் அம்மா குப்பனூர்க்காரி. 1986-இல் மூத்தவள் பிறந்தாள். மூன்று மாத விடுப்பு முடிந்ததும் சேலம் டவுனில் கவுண்டரில் உட்கார வேண்டும். "புள்ள பெத்தவ வீட்ல இருக்க வேண்டியதுதானே" என்று ஒரு மேலதிகாரி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பிள்ளையை அம்மாவிடம் விட்டேன். அம்மாதான் வளர்த்தாள் என்று இத்தனை காலம் சொல்லி வருகிறேன். ஹர்டியைப் படித்த பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அம்மாவுக்கு இரண்டு எருமை, கடலைக்காடு, களையெடுப்பு. அவள் எங்கே வீட்டில் இருந்தாள்? ஒரு நாள் மாலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் வீடு பூட்டியிருந்தது. மூன்று வீடு ஏறி இறங்கினேன். நான்காவது வீட்டில், உறவென்று சொல்ல முடியாத ஒரு அக்காவின் மடியில், அவள் சாப்பிடுகிற தட்டிலிருந்தே ராகிக்களி தின்றுகொண்டிருந்தது பிள்ளை. என்னைப் பார்த்து வரக்கூட இல்லை. அந்த அக்காவுக்கு நான் சம்பளம் கொடுத்ததில்லை. தீபாவளிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்திருப்பேன். அந்தத் தெருவே கட்டிய தவணையில்தான் நான் முப்பது வருடம் சம்பளம் வாங்கினேன்.

சொல்லக் கசப்பான ஒன்றும் இருக்கிறது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதன்முதலாகத் தொடங்கியது நம் சேலத்தில்தான், ஜெயலலிதா அவர்கள் முதல்வராக இருந்தபோது. பெண்சிசுவைக் கொல்லாதீர்கள், வேண்டாமென்றால் இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், அரசு வளர்க்கும் என்று வைத்தார்கள். ஹர்டி தன் புத்தகத்தில் இதைப்போன்ற ஒரு பழைய ஏற்பாட்டை எழுதுகிறார். இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் 1445-இல் திறந்த இன்னொசெந்தி என்ற அநாதை விடுதி. யாரும் பார்க்காமல் குழந்தையை வைத்துவிட்டுப் போக வசதி இருந்தது. நூற்றாண்டுகளாகக் குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். மிகப் பலர் முதல் வருடத்தைத் தாண்டவில்லை. நம் தொட்டில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை.

குரங்குத் தாய் செத்த குட்டியைக்கூடப் பல நாள் சுமந்துகொண்டு திரிகிறாள். மனிதத் தாய் மட்டும் ஏன் சில சமயம் கைவிடுகிறாள்? அவள் கெட்டவள் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். ஹர்டி எழுந்து போகவில்லை. துணையில்லாமல் வளர்க்க முடியாத பிள்ளையைப் பெறுகிற இனம் என்பதால், துணை கிடைக்குமா கிடைக்காதா என்று பார்ப்பதும் தாயின் மனத்தோடு சேர்ந்தே வந்திருக்கிறது என்றார். கூட்டாகப் பிள்ளை வளர்க்கிற தென் அமெரிக்கச் சின்னக் குரங்குகளான மார்மொசெட், டமரின் ஆகியவற்றிலும், துணை இல்லாதபோது தாய் குட்டியைக் கைவிடுவது உண்டு. நம் பக்கத்துக் கதையில் வரதட்சணையும் ஆண்பிள்ளை ஆசையும் சேர்ந்துகொண்டன. அவற்றைக் குரங்கின் தலையில் கட்ட முடியாது, அது நாமே உண்டாக்கியது. பரிணாமம் சொல்வது எப்படி வந்தோம் என்பதை. அதனால் எதுவும் நியாயமாகிவிடாது. ஆனால் தொட்டிலில் போட்டவளைப் பற்றிப் பேசுகிறபோது, அவள் பக்கத்தில் அன்று யாரெல்லாம் இல்லை என்று நாம் கேட்டதே இல்லை.

இப்போது அந்த அறை. நம் பிளாக்குகளில் இருவரும் வேலைக்குப் போகிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பள்ளி வேன் மூன்றரைக்குக் கேட்டில் இறக்கிவிட்டுப் போகிறது. பெற்றவர்கள் சேலத்திலிருந்து வந்து சேர ஆறரை, ஏழு ஆகிறது. அதுவரை சில பிள்ளைகள் கழுத்தில் சாவியைக் கட்டிக்கொண்டு, பூட்டிய வீட்டுக்குள் போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கைக்குழந்தை உள்ள ஒரு பெண் வேலையை விட்டுவிட்டாள். 2017-இல் வந்த சட்டத் திருத்தத்திலிருந்து 26 வாரம் விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பறையும் வைக்க வேண்டும். அவள் வேலை பார்த்த இடத்தில் அத்தனை பேர் இல்லை.

பழைய பேப்பரும் உடைந்த கேரம்போர்டும் கிடக்கிற அந்த அறையை, வார நாட்களில் மூன்றரை முதல் ஆறரை வரை பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம் என்பதுதான் தீர்மானம். எதிர்ப்புகள் காதில் விழுந்தன. சத்தம் வரும், மதியத் தூக்கம் கெடும் என்கிறார்கள். எனக்கும் மதியத் தூக்கம் உண்டு, மூன்றரைக்கு எழுந்துகொள்ளலாம். பிள்ளை விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு என்பது நியாயமான கேள்வி. லாக்கர் அறையில் எங்களிடம் ஒரு சாவி, உங்களிடம் ஒரு சாவி. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அதே மாதிரி எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், ஒருவர் தனியாக இருக்கவே கூடாது. யார் விட்டது, யார் அழைத்துப் போனது, மணி என்ன என்று கையெழுத்துப் பதிவேடு. அதை எழுதி வைக்கிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், பழகிய வேலைதான்.

மூன்றாவதாக ஒருவர், "அவங்கவங்க புள்ளைய அவங்கவங்க பாத்துக்கணும், காலங்காலமா அப்படித்தானே" என்றார். காலங்காலமாக அப்படி இல்லை என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தாய், ஒரு பிள்ளை, ஒரு பூட்டிய கதவு என்ற ஏற்பாட்டுக்கு வயது மிகக் குறைவு. நம் கட்டிடத்தின் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம்.

என் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாட்டியின் பெருமையை இவ்வளவு பேசியதை வைத்துக்கொண்டு, பாட்டியைச் சம்பளமில்லாத ஆயாவாக்கிவிட வேண்டாம். மகள் பிரசவத்துக்கு என்று ஆறு மாதம் வெளிநாட்டில் போய், பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் ஒரு பிளாட்டில் தனியாகப் பிள்ளையைத் தூக்கித் திரும்பி வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். முழங்கால் வலி எனக்கும் உண்டு. ஹாட்சாப் பாட்டி கிழங்கு தோண்டியது நாலு பேரோடு சேர்ந்து. வாரத்துக்கு ஒரு நாள், மூன்று மணி நேரம், கூட ஒரு ஆள். அதற்கு மேல் யாரிடமும் கேட்கவில்லை. ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். செஸ் தெரிந்தவர், கணக்குச் சொல்லித் தரத் தெரிந்தவர், சும்மா உட்கார்ந்து பேப்பர் படிக்கத் தெரிந்தவர், யார் வந்தாலும் சரி.

பெயர் எழுத நோட்டு செக்யூரிட்டி மேசையில் இருக்கிறது. ஓட்டெடுப்பு முடிவதற்கு முன்பே எழுதலாம், அதில் தப்பில்லை. திங்கள், புதன், வெள்ளிக்கு இரண்டிரண்டு பேர் வந்துவிட்டார்கள். வியாழனுக்கு நான் இருக்கிறேன், கூட ஒருவர் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலியாக இருக்கிறது.